ஒன் பிஹெச்கே ஹாலில் எது நிற்கும்? ட்ரெட்மில், சைக்கிள், டம்பெல் – ஓர் ஒப்பீடு

மும்பை ஒன் பிஹெச்கே ஹாலில் சோபாவும் டி.வி. ஸ்டாண்டும் மடக்குக் கட்டிலும் போக மிஞ்சுவது ஒரு பாய் விரிக்கிற இடம். கருவி வாங்கப் போகிறவர்கள் எத்தனை எச்.பி. (குதிரைத்திறன்), எத்தனை ப்ரோகிராம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை மூன்று: சொசைட்டி லிஃப்ட்டின் அளவு, ஹாலில் இருக்கும் ப்ளக், கீழ்வீட்டுக்காரர்.

ட்ரெட்மில்லுக்கு இந்த மூன்றுமே தடை. பெட்டியில் '4 எச்.பி.' என்று பெரிதாகப் போட்டிருந்தால் பக்கத்தில் 'பீக்' என்று சின்னதாக இருக்கிறதா பாருங்கள். அது மோட்டார் சில நொடி எட்டும் உச்சம், அவ்வளவுதான். அரைமணி நேரம் தொடர்ந்து தாங்குகிற சக்தியை 'கன்டினியுவஸ்' என்று தனியாகக் குறிப்பிடுவார்கள். நடப்பதற்கு அது 1.5 முதல் 2 வரை, ஓடுவதற்கு 2.5க்கு மேல் வேண்டும். பெல்ட் அகலம் நடக்க 40 செ.மீ. போதும். ஓட 45க்குக் குறையக் கூடாது, நீளமும் 130 செ.மீ. இருக்க வேண்டும். எடை வரம்பு 110 கிலோ என்றால் அதை 90 கிலோ ஆளுக்கான மெஷின் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: சாதாரண டி.சி. மோட்டாரை வேகமாக ஓடுபவரைவிட, மெதுவாக நடக்கும் கனத்த ஆள் அதிகம் சூடாக்கிவிடலாம். மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதன் தண்டிலேயே இருக்கிறது. தண்டு மெதுவாகச் சுற்றினால் காற்று குறையும், ஆனால் பாரத்தை இழுக்கக் கரண்ட் அதிகம் போகும். பெல்ட்டின் அடிப்பக்கம் வறண்டிருந்தால் உராய்வும் சேர்ந்துகொள்ளும். கடைசியில் கருகுவது மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலர் போர்டு. ட்ரெட்மில் ரிப்பேரில் பெரிய செலவு பெரும்பாலும் அதுதான்.

தடுக்க எளிய வழி எண்ணெய். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி உள்ளே விரலை விடுங்கள். வழுவழுப்பு இல்லாவிட்டால், கலப்பில்லாத சிலிக்கான் எண்ணெயைப் பக்கத்துக்கு 10–15 மி.லி. வீதம் நடுப்பகுதி வரை எட்டும்படி விடவும். பிறகு குறைந்த வேகத்தில் ஐந்து நிமிடம் இடமும் வலமுமாக நகர்ந்து நடந்தால் பரவிவிடும். தினமும் அரைமணி நடக்கும் வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். தேங்காயெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துருநீக்கி ஸ்ப்ரே எதுவும் ஆகாது. தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பெல்ட்டையும் கெடுக்கும். முப்பதாயிரம் கொடுத்து வாங்கிவிட்டு இந்த பாட்டிலுக்கு யோசிப்பது யானையை வாங்கி அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற கதைதான்.

பெல்ட் ஒருபக்கம் ஒதுங்கினால் மெக்கானிக் வேண்டாம். எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ, பின்னால் அந்தப் பக்கத்து போல்ட்டை ஆலன் கீயால் (எல் வடிவ அறுகோணச் சாவி) வலஞ்சுழியாகக் கால் சுற்று திருகுங்கள். ஒரு நிமிடம் காலியாக ஓடவிட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று. ஒரேயடியாக முழுச்சுற்று திருகினால் எதிர்ப்பக்கம் ஓடிப்போய் ஓரம் கிழியும்.

ப்ளக் விஷயம்: மாட்டுங்கா, சயான் பக்கத்துப் பழைய கட்டடங்களில் 16 ஆம்பியர் ப்ளக் பெரும்பாலும் ஏ.சி.க்கும் வாஷிங் மெஷினுக்கும்தான் இருக்கும். ஹாலில் இருப்பது சின்ன ப்ளக். எக்ஸ்டென்ஷன் போர்டில் ட்ரெட்மில்லைச் செருகினால் போர்டு சூடாகி உருகலாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி லைன் இழுக்கும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

தளம் தாங்குமா என்ற பயம் கான்கிரீட் கட்டடத்தில் வேண்டாம். நம்மூர் கட்டட விதிப்படி வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கும்படி கணக்கிடப்படுகிறது. 60 கிலோ மெஷினும் 80 கிலோ ஆளும் அதற்குள் அடங்கிவிடும். பிரச்சினை சத்தம். ஓடும்போது ஒவ்வொரு காலடியும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்காக இறங்கும். 12 மி.மீ. ரப்பர் மேட் மோட்டார் அதிர்வைக் குறைக்கும், அந்த 'தொம் தொம்'மைக் குறைக்காது. மரத்தளம் போட்ட பழைய சால் (ஒற்றை அறை வரிசைக் குடியிருப்பு) வீடுகளில் நினைக்கவே வேண்டாம்.

இன்னொன்று, மெஷினுக்குப் பின்னால் 2 மீட்டர் காலி இடம் வேண்டும். கால் தவறினால் பெல்ட் ஆளைப் பின்னால் தள்ளும். அங்கே சுவர் இருந்தால் சுவருக்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். 10 அடி அகல ஹாலில் குறுக்கே போடவே முடியாது. 'மடக்கி வைக்கலாம்' என்ற விளம்பரம் இதற்கு பதில் ஆகாது. குழந்தைகள் இருந்தால், செருகினால்தான் மெஷின் ஓடும் அந்த சேஃப்டி கீயைக் கழற்றி பீரோவில் வையுங்கள்.

இவ்வளவுக்கும் மும்பையில் ட்ரெட்மில் நியாயமாகத் தேவைப்படுவது மழை பெய்யும் ஜூன் முதல் செப்டம்பர் வரை. மற்ற மாதங்களில் நடக்க ஃபைவ் கார்டன்ஸும் செம்பூர் டயமண்ட் கார்டனும் இருக்கின்றன. நான்கு மாதம் வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுப்பது மேல்.

வீட்டுக்குள் ஓட்டும் உடற்பயிற்சி சைக்கிள் கேட்பது சுமார் 1 மீட்டருக்கு 60 செ.மீ. இடம். பெரும்பாலானவை 25–35 கிலோ, சின்ன லிஃப்ட்டிலும் நுழையும். காந்தத்தால் சக்கரத்தை இறுக்கும், குமிழைக் கையால் திருகும் மேக்னடிக் வகைக்குக் கரண்ட் இணைப்பும் வேண்டாம், கீழ்வீட்டுக்குச் சத்தமும் போகாது. விசிறிச் சக்கரம் வைத்த 'ஏர் பைக்' விலை குறைவு, ஆனால் இரைச்சல். சேலையோ நைட்டியோ உடுத்தி ஓட்டினால் ஓரம் சிக்கும். சக்கரத்தில் கம்பளி பேட் உரசி இறுக்கும் ஸ்பின் பைக்கில் பேட் தேய்ந்து தூள் கொட்டும், மழைக்காலத்தில் கிறீச்சிடும். ஆகவே மேக்னடிக்தான். முட்டிவலிக்காரர்களுக்கும் முதியவர்களுக்கும் முதுகு சாய்மானம் உள்ள வகை நல்லது, கொஞ்சம் கூடுதல் இடம் எடுக்கும்.

சைக்கிள் முதல் நாளே கெடுவது இடது பெடலில். அதன் மரை தலைகீழ். 'எல்' எழுதிய பெடலை இடது கிராங்க்கில் (பெடலைத் தாங்கும் கம்பி) இடஞ்சுழியாகத்தான் திருக வேண்டும். முதல் நாலைந்து சுற்று கை விரலாலேயே போக வேண்டும். இறுகினால் கழற்றி நேராக வைத்து மறுபடி ஆரம்பியுங்கள். ஸ்பேனரால் அழுத்தினால் மரை தேய்ந்து கிராங்க்கையே மாற்ற வேண்டிவரும். சீட் உயரத்துக்கு: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். தாழ்வாக வைத்து ஓட்டினால் முட்டி வலிக்கும், பழி சைக்கிள் மேல் விழும்.

எலிப்டிகல்லைப் (நின்றபடி கால்களை நீள்வட்டமாக ஓட்டும் மெஷின்) பற்றி ஒரு வரி: வீட்டுக்கு வரும் மலிவு மாடல்களில் காலடி வீச்சு 30 செ.மீ.தான். பெரியவர்களுக்கு 40க்கு மேல் வேண்டும், அந்த மாடல் ஹாலில் அடங்காது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, கூடவே குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. சைக்கிள் முதல் பாதிக்குத்தான். இரண்டாவதுக்கு டம்பெல் வேண்டும். (கர்லாக்கட்டை சுற்றலாமே என்றால், இந்த உயரக் கூரையில் முதலில் அடிபடுவது ஃபேன் இறக்கை.) சிமென்ட் அடைத்த பி.வி.சி. ப்ளேட் மலிவு, கீழே விழுந்தால் விரிந்து சிமென்ட் கொட்டும். ரப்பர் பூசிய அறுகோண டம்பெல் உருளாது, டைல்ஸையும் அவ்வளவாகக் கெடுக்காது. ஆரம்பத்துக்கு ஒருவருக்கு இரண்டு ஜோடி போதும்: 2, 4 கிலோ, அல்லது 5, 7.5 கிலோ. ப்ளேட்டும் ராடும் தனித்தனியாக வாங்கினால் ப்ளேட் துளையைப் பாருங்கள். 50 மி.மீ. துளை மெல்லிய ராடில் ஆடும். தோபி தலாவ் கடைகளில் கையில் தூக்கிப் பார்த்து வாங்கலாம். மழைக்காலத்தில் குரோம் பிடி துருப்பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெயை இங்கே தாராளமாகத் தடவலாம். இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பேண்டை ஜன்னல் கிரில்லில் தொங்கவிட்டால் வெயிலில் காய்ந்து ஒருநாள் முகத்தில் அறையும்.

எது வாங்கினாலும் அட்டைப்பெட்டியை உடனே ரத்திவாலாவுக்கு (பழைய பேப்பர்காரர்) போடாதீர்கள். திருப்பியனுப்பும் கெடு முடியும்வரை பெட்டி இருக்கட்டும். போடும்போதும் உள்ளே ஒட்டியிருக்கும் ஆலன் கீயை எடுத்துவிட்டுப் போடுங்கள்.