குழாயே செருகாமல் கிடைத்த பொல்யூஷன் சர்டிபிகேட்

காரின் பொல்யூஷன் சர்டிபிகேட் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆபீஸ் போகும் வழியில், ஜிஎஸ்டி ரோட்டோரம் ‘எமிஷன் டெஸ்ட்’ என்று எழுதிய ஓர் ஆம்னி வேனைப் பார்த்து ஓரங்கட்டினேன். நான் இறங்கவே இல்லை. ஒரு பையன் வந்து நம்பர் பிளேட்டை போனில் படம் எடுத்தான், “பெட்ரோல்தானே சார்?” என்றான். ஐந்தே நிமிடத்தில் பேப்பர். 250 ரூபாய். இதில் கூத்து என்னவென்றால், இன்ஜினை நான் அணைத்து வைத்திருந்தேன். ஓடாத வண்டியில் என்ன புகையை அளந்தான் என்று அப்போது உறைக்கவில்லை.

பத்து நாள் கழித்து வாகனச் சோதனை. எஸ்.ஐ. கருவியில் நம்பரைத் தட்டிவிட்டு, “எமிஷன் சர்டிபிகேட் இல்லையே சார்” என்றார். பேப்பரை நீட்டினேன். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் ஒன்றும் திறக்கவில்லை. அரசின் வாகனப் பதிவுத் தளமான ‘வாகன்’ கணினியில் ஏறாத சர்டிபிகேட் வெறும் காகிதம். 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. “இன்னைக்கே எடுத்துடுங்க” என்று விட்டுவிட்டார், புண்ணியவான்.

அடுத்து பெட்ரோல் பங்கில் இருந்த மையத்துக்குப் போனேன். சைலன்சருக்குள் குழாயை விட்டு, முதலில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலிங்கில், அப்புறம் 2,500 ஆர்பிஎம் பக்கம் மிதிக்கச் சொல்லி அளந்தார்கள். என்னுடையது பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிப்படி தயாரான) பெட்ரோல் கார். ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வந்ததோ 1.4. வேன்காரன் பேப்பரில் 0.02!

மெக்கானிக் பார்த்தார்: ஆக்ஸிஜன் சென்சார் அவுட். அது போனால் இன்ஜினுக்குக் கணக்குத் தெரியாமல் பெட்ரோல் கூடுதலாகப் பாயும். இரண்டு மாதமாக மைலேஜ் குறைந்ததற்கு நான் ஏசியைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒழுங்காக அளந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பேப்பரை இப்போது எடுத்துப் பார்த்தால் எல்லாமே பல்லிளிக்கிறது. பிஎஸ்4, பிஎஸ்6 வண்டிகளுக்கு ஒரு வருடம் செல்லும். அதற்கு முந்தைய பழைய வண்டிகளுக்குத்தான் ஆறு மாதம். எனக்கு ஆறு மாதம் போட்டிருந்தான். என் மொபைல் நம்பரைக் கேட்கவே இல்லை; அது கட்டாயம். நீங்கள் பணம் கொடுக்கும் முன்பே அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரையும் சேசிஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்தையும் போட்டு, சர்டிபிகேட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டி பெயிலானால் நிராகரிப்புச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், மெக்கானிக்கிடம் காட்ட உதவும்.

நேற்று அந்தப் பக்கம் போனேன். வேனைக் காணோம். சரி, பேப்பரில் உள்ள நம்பருக்காவது போன் போடலாம் என்று எண்ணிப் பார்த்தால், ஒன்பது இலக்கம்தான் இருக்கிறது.