7 லட்சம் கிலோமீட்டர் ஓடிய டாடா 4018: லோ-பெட் இழுக்க எப்படி இருக்கிறது?

சாயல்குடியில் இருந்து தொண்டி வரைக்கும் ஹிட்டாச்சி (மண் வெட்டும் செயின் மெஷின்) ஏற்றி இறக்குவதுதான் எங்கள் தொழில். இறால் பண்ணைக்குக் குட்டை வெட்ட, உப்பளத்துக்கு வரப்புப் போட, கண்மாய் தூர்வார, சீமைக் கருவேலம் பிடுங்க என்று மெஷின் ஓர் இடத்தில் நிற்காது. செயின் மெஷினைத் தார் ரோட்டில் ஓட்டிப் போக முடியாது, லோ-பெட் என்கிற தாழ்வான டிரெய்லரில் ஏற்றித்தான் ஆகணும். அதை இழுக்க 2013 மாடல் டாடா எல்பிஎஸ் 4018 இழுவை லாரி ஒன்றை செகண்ட்ஸில் எடுத்தோம். வாங்கும்போதே மீட்டரில் 7 லட்சத்துக்கு மேல் இருந்தது. இதே மாதிரி வண்டி தேடுகிறவர்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள், அவர்களுக்காக விவரமாகவே எழுதுகிறேன்.

இழுவை வண்டியில் மீட்டரை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். ஒரே ஓனர் கையில் சேலத்துக்கும் வடக்கேயும் லைனில் ஓடிய வண்டி டாப் கியரில் சீராகப் போயிருக்கும், 7 லட்சம் ஓடியிருந்தாலும் இன்ஜின் நன்றாக இருக்கும். துறைமுகத்துக்கும் குடோனுக்கும் நடுவில் நின்று நின்று நகர்ந்த வண்டி 3 லட்சத்திலேயே கிளட்ச், கிரவுன் (பின் ஆக்ஸில் பல்சக்கரம்), ஜாயின்ட் எல்லாம் தேய்ந்து கிடக்கும், போதாக்குறைக்கு உப்புக் காற்று வேறு. நாங்கள் முதலில் தூத்துக்குடிப் பக்கம் ஒரு புரோக்கர் காட்டிய வண்டியைப் பார்த்தோம். ஓட்டம் குறைவு, புதுப் பெயின்ட், பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அடியில் படுத்து சுத்தியலால் தட்டினால் அடிச்சட்டமான சேஸிஸில் துருவை மறைக்கப் பூசிய பட்டி உதிர்கிறது, உள்ளே தகடு தகடாகத் துரு. கேட்டதற்கு "கடற்கரை வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. அந்த நிலையில் ஒரு சேஸிஸை 20 டன் மெஷினுக்கு முன்னால் கட்டச் சொல்வது உயிரோடு விளையாடுகிற காரியம், எனக்கு அதில் இன்னும் கோபம் தீரவில்லை. அப்புறம் சங்ககிரிப் பக்கம் போய், கடலே பார்க்காத வண்டியாகத் தேடி எடுத்தோம்.

டாடா நம்பரில் முதல் இரண்டு இலக்கம் மொத்த எடை, டன்னில். கடைசி இரண்டோடு ஒரு சைபர் சேர்த்தால் குதிரைத்திறன். ஆக இது 40 டன், 180 குதிரை. 20 டன் ஹிட்டாச்சி, லோ-பெட், இழுக்கிற வண்டி மூன்றையும் கூட்டினால் 35 டன்னைத் தொடும். கணக்குக்குள் வருகிறது, ஆனால் 180 குதிரைக்கு அது கனம்தான். நம் கிழக்குக் கடற்கரைச் சாலை பெரும்பாலும் சமதளம் என்பதால் ஓடிவிடுகிறது. மலைப்பாதை உள்ளவர்கள் இதை எடுக்க வேண்டாம் என்பேன். இங்கே ஏற்றம் என்று சொன்னால் பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான், 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், கப்பல் போவதற்காக நடுவில் உயர்த்திக் கட்டியது. மெஷினோடு ராமேஸ்வரம் போகும்போது ஏறத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், பாதியில் மாற்றினால் கிளட்ச் கருகுகிற வாடை வரும். கச்சான் காற்று பலமாக அடிக்கிற நாளில் நாங்கள் பாலம் ஏறுவதே இல்லை.

இன்ஜின் கம்மின்ஸ் 6 சிலிண்டர், 5.9 லிட்டர். டைமிங் பெல்ட் கிடையாது, எல்லாம் கியர். பராமரித்தால் நீண்ட நாள் உழைக்கும் இன்ஜின் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், இதில் சிலிண்டருக்குள் மாற்றிப் போடுகிற குழாய், அதாவது தனி லைனர் கிடையாது, பிஸ்டன் நேராக பிளாக்கிலேயே ஓடும். தேய்ந்தால் லைனரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போக முடியாது, பிளாக்கின் துளையைக் கடைந்து பெரிதாக்கி (போர் அடித்து) ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும், அதற்கும் ஓர் அளவு இருக்கிறது. அதனால் ஏற்கெனவே போர் அடித்த பிளாக்கா, எந்த சைஸ் பிஸ்டன் ஓடுகிறது என்று பழைய மெக்கானிக்கிடமே கேட்டுவிடுங்கள். இன்ஜின் சூடான பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் (பிஸ்டனைத் தாண்டிக் கசிகிற புகை) எவ்வளவு அடிக்கிறது என்று பாருங்கள், லேசான புகை பரவாயில்லை, குபுகுபுவென்று தள்ளினால் விலை பேசவே உட்கார வேண்டாம். ஸ்பேருக்குக் கவலை இல்லை, 2518, 3118 லாரிகளிலும் இதே குடும்பத்து இன்ஜின் ஓடியதால் மதுரையில் எல்லாம் கிடைக்கிறது.

2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-4 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கிறார்கள். டாடாவின் பெரிய வண்டிகளில் அப்போதிருந்து புகையைச் சுத்தம் செய்ய யூரியா திரவம் ஊற்ற வேண்டும், சென்சாரும் ஒயரிங்கும் அதிகம். உப்புக் காற்றில் கனெக்டர் பச்சை பூத்து செக் லைட் எரிந்தால் நரிப்பையூரில் நின்றுகொண்டு யாரைக் கூப்பிடுவது? பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப் வண்டியை உள்ளூர் மெக்கானிக்கே பார்த்துவிடுகிறார்.

இழுவைக்கு என்று தனியாகப் பார்க்க வேண்டியது ஃபிஃப்த் வீல், அதாவது டிரெய்லர் வந்து மாட்டும் தட்டு. லோ-பெட்டை மாட்டி, டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், டக் டக் என்று இடித்தால் உள்ளே கவ்விப் பிடிக்கும் ஜா தேய்ந்திருக்கிறது. டிரெய்லரில் இருக்கும் கிங்பின் என்கிற மாட்டும் முளையில் 2 இஞ்ச், 3.5 இஞ்ச் என்று இரண்டு அளவு உண்டு, கனமான லோ-பெட் சிலவற்றில் பெரியது இருக்கும், வண்டியை வாங்கிய பிறகு பொருந்தவில்லை என்றால் செலவு தனி. ஃபிஃப்த் வீல் உட்காரும் இடத்திலும் பின் ஸ்பிரிங் பிராக்கெட் பக்கத்திலும் சேஸிஸில் விரிசல் இருக்கிறதா, பிளேட் வைத்து வெல்டிங் அடித்திருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பலத்துக்கு உள்ளே இன்னொரு சேனல் வைத்த சேஸிஸ் என்றால் இரண்டு சேனலுக்கும் நடுவில் துரு வீங்கித் தகட்டைப் பிளந்து தள்ளியிருக்கும், கடற்கரை வண்டிக்கு இதுதான் எமன். கிரவுன் ஹவுசிங் ஆயிலை வடித்துப் பார்க்க ஓனர் சம்மதிக்கவில்லை என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். பிரேக்குக்கான ஏர் முழுதாக ஏறியதும் இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள், அதற்குள் ஏர் மீட்டர் முள் நன்றாக இறங்கியிருந்தால் எங்கோ லீக்.

மைலேஜ் மெஷினோடு 3-ஐ ஒட்டித் தருகிறது, காலியாகப் போனால் கொஞ்சம் கூடும். கிளட்ச் மிதி கனம், சித்திரை வெயிலில் கேபினில் உட்கார முடியாது, டிரைவர் தம்பி அதற்குக் குறை சொல்லாத நாளில்லை. காலி லோ-பெட்டோடு மணலில் இறக்கினால் பின்சக்கரம் சுற்றுமே ஒழிய நகராது. ரோட்டோரம் நிறுத்தி மெஷினை அங்கேயே இறக்கி, பண்ணைக்குள் செயினில் போகச் சொல்வதுதான் சரி. நாங்கள் செலவழித்தது கிளட்ச் பிளேட், பின் பிரேக் லைனிங், ஒரு கிராஸ் (ப்ரொபெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்), அப்புறம் டயர். இன்ஜினைத் திறக்கவே இல்லை.

தண்ணீர் விஷயம் நம் பகுதிக்காரர்களுக்கு மட்டும். இங்கே பல இடங்களில் போர்வெல் தண்ணியே உப்பு, அதில் வண்டி கழுவினால் கழுவாமல் விடுவதே மேல். பரமக்குடிப் பக்கம் லோடு போகும்போது நல்ல தண்ணீரில் அடிச்சேஸிஸ் வரை கழுவி, காய்ந்ததும் வேஸ்ட் ஆயில் அடித்துவிடுகிறோம். ஏர் டேங்கில் சேரும் தண்ணியை தினமும் வடிக்கணும், உள்ளே துரு பிடித்தால் வால்வுகள் ஒவ்வொன்றாகப் போகும்.

பேப்பரில் இழுக்கிற வண்டிக்குத் தனி ஆர்சி, லோ-பெட்டுக்குத் தனி ஆர்சி. அரசின் பரிவாகன் தளத்தில் இரண்டு நம்பரையும் போட்டு எஃப்சி (தகுதிச் சான்று), வரி, அபராதம், ஃபைனான்ஸ் பாக்கி எல்லாம் பாருங்கள். ஃபைனான்ஸ் இருந்தால் கடன் முடிந்ததற்கான படிவம் 35 கையெழுத்தாகி வரும் வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-உம் 30-உம். 8 வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி, அதற்கு முன் டிங்கரிங், பெயின்ட், லைட் என்று ஒரு தொகை ஒதுக்கியே ஆகணும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது டிரெய்லரும் பாலிசியில் ஏறியிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், ஏஜென்ட் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.