சவ்வு வைத்த சிலிக்கான் ரிங்: சிறுநீர்ப்பை இறக்கத்துக்கு வாங்கலாமா?

மிக்ஸி ஜாருக்கு வாங்கும் வாஷரை உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கி, நடுவில் துளை போட்ட மெல்லிய சவ்வை ஒட்டினால் எப்படியிருக்கும், அதுதான் இந்த ரிங். மடித்தால் பிறைபோல் ஒடுங்கும். விட்டால் பட்டென்று வட்டமாக விரியும். யோனிக்குள் வைத்து, இறங்கிய உறுப்பைத் தாங்கும் இதன் மருத்துவப் பெயர் பெசரி. ஆஸ்பத்திரியில் "ரிங் வைக்கணும்" என்றாலே புரிந்துகொள்வார்கள்.

யோனியின் முன்பக்கச் சுவர் தளர்ந்து சிறுநீர்ப்பை இறங்கியவர்களுக்கு, அறுவைக்கு முன் முயன்று பார்க்கத்தக்க முதல் சாதனம் இதுதான். பொருளில் குறை குறைவு. கெடுவதெல்லாம் அளவு தப்புவதாலும், வைத்துவிட்டு மறந்துபோவதாலும்தான்.

வாங்குவதற்கு முன், இறங்கியிருப்பது சிறுநீர்ப்பைதானா என்று தெரிய வேண்டும். நம் ஊரில் எது இறங்கினாலும் "கர்ப்பப்பை இறங்கிடுச்சு" என்பதே பேச்சு. கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்கும் சிறுநீர்ப்பை இறங்கும். காலையில் ஒன்றும் தெரியாது. சாயங்காலமானால் "அடி தள்ளுது" என்பார்கள், படுத்தால் சரியாகிவிடும். கால் கழுவும்போது மிருதுவான உருண்டை ஒன்று கையில் தட்டுப்படும், இருமினால் பெரிதாகும். சிறுநீர் கழித்து எழுந்ததும் மறுபடி கொஞ்சம் வரும். சிலர் உருண்டையை விரலால் உள்ளே தள்ளிப் பிடித்தால்தான் சிறுநீரே போகும்; இதை வெட்கப்பட்டு டாக்டரிடம் சொல்லாமல் விடுகிறார்கள், சொல்ல வேண்டியதே இதைத்தான். மிச்சம் தேங்குவதால் நீர்க்கடுப்பு அடிக்கடி வரும். சிறுநீர் கழித்த பிறகு ஸ்கேனில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். காலையில் மேசையில் படுக்கவைத்துப் பார்த்து "ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டால், நின்றோ குந்தியோ முக்கவைத்துப் பார்க்கும்படி கேளுங்கள். படுத்திருக்கையில் இறக்கம் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

இறக்கம் லேசாக, யோனி வாசலுக்குள்ளேயே நிற்கிறது என்றால் ரிங்குக்கு அவசரமில்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்து, குறைந்தது 16 வாரம் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி செய்து பார்ப்பதே முதல் வழி. காற்றையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல உள்ளிழுத்து, முடிந்தால் 10 விநாடி பிடித்து, விட்டு, 10 முறை. பிறகு வேகமாக 10 முறை. இப்படி நாளைக்கு மூன்று வேளை. வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்பவர்கள் இறக்கத்தைக் கீழேதான் தள்ளுகிறார்கள்.

ரிங் எப்படி நிற்கிறது? உறிஞ்சி ஒட்டிக்கொள்வதில்லை. பின்விளிம்பு கருப்பை வாய்க்குப் பின்னுள்ள பள்ளத்தில் உட்காரும். முன்விளிம்பு முன்பக்க இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, அதன் பின்புறம் செருகிக்கொள்ளும். கீழிருந்து தாங்குவது இடுப்புத்தளத் தசை. சவ்வு, தூளித் துணிபோல விரிந்து சிறுநீர்ப்பையை ஏந்துகிறது. சவ்வில்லாத வெறும் வளையத்தில் தளர்ந்த முன்சுவர் நடு ஓட்டை வழியாகப் பிதுங்கிவிடலாம். கொஞ்சம் கூட விலையானாலும் சிறுநீர்ப்பை இறக்கத்துக்குச் சவ்வு வைத்ததையே கேளுங்கள்.

அரசு ஆஸ்பத்திரிகளிலும் சிறு கடைகளிலும் வெள்ளை நிற பிவிசி ரிங்கைப் பார்க்கலாம். மலிவு. ஆனால் விறைப்பானது, வெந்நீரில் போட்டு இளக்கித்தான் மடிக்க முடியும், வீட்டில் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளத் தோதுப்படாது. நாளாக நாளாகக் கெட்டிப்பட்டு நிறம் மாறும். வழக்கமாக ஆறு மாதத்துக்குள் மாற்றிவிடுவார்கள். சிலிக்கான் அதைவிடப் பல மடங்கு விலை, ஆனால் கழுவிக் கழுவி ஆண்டுக்கணக்கில் ஓடும். கணக்குப் போட்டால் சிலிக்கான்தான் லாபம்.

அளவுதான் முக்கால்வாசி வேலை. சிலிக்கான் ரிங்குகளில் அதிகம் போவது 3, 4, 5 ஆம் எண்கள். விட்டம் சுமார் 64, 70, 76 மி.மீ. பிவிசியில் 3 மி.மீ. ஏற்றத்தில் வரும். எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் சீட்டில் மில்லிமீட்டரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் குத்துமதிப்பாக ஆர்டர் போடுவதைப் போன்ற வீண்செலவு வேறில்லை.

டாக்டர் செய்வது இதுதான்: சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, இரு விரலால் பின்பள்ளத்திலிருந்து முன்னெலும்பு வரை அளந்து, அதற்கு ஒத்த ரிங்கை வைப்பார். வளையத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு விரல் சுற்றிவரும் இடம் இருக்க வேண்டும். அத்தோடு எழுந்து வந்துவிடாதீர்கள். அங்கேயே நடங்கள், இருமுங்கள், குந்தி முக்குங்கள். பிறகு கழிவறைக்குப் போய்ச் சிறுநீர் தாராளமாகப் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். நம் பெண்கள் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பவர்கள், இந்தியன் டாய்லெட்டில் போகிறவர்கள். படுத்த நிலையில் கச்சிதமாக இருந்த ரிங், குந்தியதும் நழுவிவிடும்.

சின்னதாக இருந்தால் முக்கும்போது திரும்பும், வழுக்கி விழும். பெரிதாக இருந்தால் அழுத்தும், இடுப்பு கடுக்கும், சிறுநீர் அடைபடும். சரியாக இருந்தால் உள்ளே இருப்பதே தெரியாது. முதல் தடவையே அமைவது எல்லாருக்கும் நடப்பதில்லை. இரண்டு மூன்று அளவு மாற்றிப் பார்ப்பது சகஜம். வாசல் மிக அகலமாக இருப்பவர்களுக்கும், யோனி நீளம் 6 செ.மீ.க்கும் குறைவாக இருப்பவர்களுக்கும் ரிங் நிற்காமல் போக வாய்ப்பு அதிகம். அவர்களுக்குத் தண்டு வைத்த கெல்ஹார்ன், கனசதுர வடிவ க்யூப் என்று வேறு வகைகள் உண்டு. க்யூப் உறிஞ்சிப் பிடிப்பதால் தினமும் இரவில் எடுத்தே ஆக வேண்டும். எடுக்கத் தெம்பில்லாதவருக்கு அதை வைத்தனுப்புவது தப்பு.

போடும் விதம். கையைக் கழுவி, ஒரு காலை ஸ்டூலில் வைத்து நிற்கலாம், அல்லது முழங்காலை மடக்கிப் படுக்கலாம். வளையத்தின் இரு பக்கமும் மடிப்புக் குறி இருக்கும். அந்த இடத்தில்தான் மடங்கும், வேறிடத்தில் முரண்டு பிடிக்கும். உள்ளே போகும் முனையில் மட்டும் நீர் அடிப்படையிலான வழுவழுப்பு ஜெல்லியைத் தடவுங்கள். முழுக்கத் தடவினால் கையிலிருந்து மீன்போல் வழுக்கி, பாத்ரூம் மூலைக்குப் போய் விழும். மேல்நோக்கித் தள்ளாதீர்கள், முதுகுத்தண்டின் வால்பக்கம் பார்த்துப் பின்னோக்கித் தள்ளுங்கள். உள்ளே விரிந்ததும் ஆள்காட்டி விரலால் கால்வாசி வட்டம் திருப்பிவிட வேண்டும். இந்தக் கடைசித் திருப்பத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மடிப்புக் குறி வாசலை நோக்கியே இருந்தால், முக்கும்போது ரிங் தானே மடிந்து வெளியே வந்துவிடும்.

எடுக்கும்போது இதற்கு நேர் எதிர். கால் வட்டம் திருப்பி மடிப்புக் குறியை முன்னுக்குக் கொண்டுவந்து, மலம் கழிப்பதுபோல லேசாக முக்கி, விளிம்புக்குள் விரலைக் கொக்கிபோல் மாட்டி, கீழ்நோக்கி இழுங்கள். விரல் எட்டவில்லையென்றால், போடும்போதே சவ்வின் துளையில் பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைக் கோத்துக் கொஞ்சம் வெளியே தொங்கவிட்டால் இழுக்க எளிது.

வெதுவெதுப்பான தண்ணீர், வாசனையில்லாத சோப்பு, துடைத்துக் காயவிடல், கழுவுவது அவ்வளவுதான். டெட்டால், சாவ்லான் வேண்டாம், சுவரை எரிக்கும். பழுப்பேறினால் பயமில்லை. வெடிப்பு விட்டாலோ கெட்டியானாலோ கழுவியும் நாற்றம் போகாவிட்டாலோ தூக்கிப் போடுங்கள். தானே எடுத்துப் போடத் தெரிந்தவர்கள் வாரத்தில் ஓர் இரவு வெளியே வைத்தால் சுவருக்கு ஓய்வு. தாம்பத்தியத்துக்கு ரிங்கை எடுக்க வேண்டியதில்லை, இடைஞ்சலாக இருந்தால் எடுக்கலாம். க்யூபையும் கெல்ஹார்னையும் எடுத்தே ஆக வேண்டும்.

முதல் சோதனை ஒன்றிரண்டு வாரத்தில். பிறகு, தானே எடுக்க முடியாதவர்கள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை போய், ரிங்கை எடுத்துச் சுவரில் புண் இருக்கிறதா என்று பார்த்து மறுபடி வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளைப்படுதல் கொஞ்சம் கூடுவது இயல்பு. துர்நாற்றமும் ரத்தமும் இயல்பல்ல. மாதவிடாய் நின்றவர்களுக்குச் சுவர் காகிதம்போல் மெலிந்திருப்பதால் உரசிப் புண்ணாகும். ஈஸ்ட்ரோஜன் கிரீமை இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இருமுறை என்று வழக்கமாக எழுதிக்கொடுப்பார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதைச் சொல்லிவிட்டே வாங்க வேண்டும். மாதவிடாய் நின்றபின் ரத்தம் கண்டால் "ரிங் உரசியிருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள், கருப்பையையும் பரிசோதிக்க வேண்டும். சில மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லையென்றால் உடனே எடுத்துவிடுங்கள், முடியாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்னொரு புகார் அடிக்கடி வரும்: "ரிங் வைத்தபிறகுதான் இருமினால் சிறுநீர் கசிகிறது." ரிங் கெடுத்ததல்ல. இறங்கிய பை சிறுநீர்க்குழாயை மடக்கி, கசிவை மறைத்து வைத்திருந்தது. பை மேலே ஏறியதும் குழாய் நேராகி, இருந்த பலவீனம் வெளிப்படுகிறது. முன்விளிம்பில் குமிழ் வைத்த ரிங் இதற்கென்றே உண்டு. குமிழ் குழாய்க்கு அடியில் வர வேண்டும்.

அறுவையா, ரிங்கா? 2022 இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் நன்றாக இருக்கிறது என்றவர்கள் பெசரி தரப்பில் 76 சதவீதம், அறுவைத் தரப்பில் 81 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆனால் பெசரியில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேல் இடையில் அறுவைக்கு மாறிவிட்டார்கள். சிலருக்கு ஒத்துப்போகும், சிலருக்குச் சலித்துப்போகும் என்றே இதைப் படிக்க வேண்டும். இன்னும் குழந்தை வேண்டுபவர்கள், மயக்க மருந்து ஆகாதவர்கள், அறுவையைத் தள்ளிப்போட விரும்புபவர்கள் ரிங்கைத் தயங்காமல் எடுக்கலாம். அறுவைக்குப் போகிறவர்கள், தளர்ந்த சுவரைத் தாங்கப் பிறப்புறுப்பு வழியாகச் செயற்கை வலை வைப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்சுவர் இறக்கத்துக்கான அவ்வகை வலைகளின் விற்பனையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 ஏப்ரலில் நிறுத்தச் சொல்லிவிட்டது.

ஒரு வகையினருக்கு ரிங் வேண்டவே வேண்டாம்: மறதி வந்து, கூடவே பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாத முதியவர்கள். ஆண்டுக்கணக்கில் மறந்துபோன ரிங் சுவரை அரித்துச் சதைக்குள் புதைந்து, சிறுநீர்ப்பையிலேயே ஓட்டை போட்டுவிடக்கூடும். பாட்டிக்கு ரிங் வைத்திருந்தால், வைத்த தேதி, மில்லிமீட்டர் அளவு, எடுக்க வேண்டிய தேதி மூன்றையும் எழுதிய சீட்டு மருந்து டப்பாவிலும், மகளோ மருமகளோ வைத்திருக்கும் போனிலும் இருக்கட்டும். எம்ஆர்ஐ எடுக்கப் போகும்போதும் அந்தச் சீட்டைக் காட்டுங்கள், சில பெசரிகளுக்குள் உலோகம் இருக்கும்.