தாம்பரத்துக்குத் தெற்கே வீடு தேடுபவர்களுக்கு: புறநகர் ரயில் சேவை ஒரு மதிப்பீடு

சென்னையில் வேலை, சென்னைக்கு வெளியே வீடு என்று முடிவு செய்தவர்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது வாடகை, பள்ளிக்கூடம், தண்ணீர் ஆகிய மூன்றையும் விசாரிக்கிறார்கள். மூன்றும் முக்கியமானவை. ஆனால் எழும்பூர் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு என்று மூன்று ஊர்களில் ஒன்பது ஆண்டுகள் வாடகைக்கு இருந்துவிட்ட பிறகு, ரயிலை விசாரிக்காமல் இந்தப் பாதையில் வீடு பார்க்கவே கூடாது என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது. சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் முதல் செங்கல்பட்டு வரை ஓடும் புறநகர் ரயிலை, வீடு தேடுபவரின் கண்ணோடு இங்கே மதிப்பிட முயல்கிறேன்.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சாதாரண வண்டியில் அதற்கான கட்டணம் 15 ரூபாய். மாதச் சீசன் டிக்கெட் எடுத்தால் ஒரு நாளைக்கான செலவு அதைவிடவும் இறங்கிவிடும். இந்தியாவின் பெருநகரம் ஒன்றில் இவ்வளவு தொலைவை இவ்வளவு குறைந்த பணத்தில் கடக்க முடிவது, மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய கொடை. இந்த ரயில் பாதையை ஒட்டித் தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் பண்டிகைக்கு முந்தைய மாலையில் பேருந்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, பக்கத்துத் தண்டவாளத்தில் தடையில்லாமல் கடந்து போகும் மின்சார ரயிலின் அருமை தெரியும். வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிற ஒரே வழி இதுதான்.

ஆனால் இந்தப் பாதையின் இயல்பு தாம்பரத்தில் மாறிவிடுகிறது. வீடு தேடுபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். கடற்கரை முதல் தாம்பரம் வரையிலான மீட்டர் கேஜ் பாதையில் 1931ஆம் ஆண்டிலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பணிமனையும் தாம்பரத்தில் அமைந்தது. புறநகர் வண்டிகளுக்கென்று தனித் தண்டவாளங்களும் அதுவரைக்கும் உண்டு. அதற்குத் தெற்கே தென் மாவட்டங்களுக்குப் போகும் நெடுந்தூர வண்டிகளோடு பாதையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மூன்றாவது தண்டவாளம் போடப்பட்ட பின்னர் நெருக்கடி ஓரளவு குறைந்திருந்தாலும், தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டிகளின் எண்ணிக்கை இன்றும் அதிகம். நகருக்குள் சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி என்றிருப்பது, தாம்பரத்தைத் தாண்டினால் பகலில் அரைமணி நேரக் காத்திருப்பாகக்கூட நீளலாம். ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில் வண்டிகள் இன்னும் குறைவு. அன்றும் கடை திறக்க வேண்டியவர்களும் மருத்துவமனைப் பணியாளர்களும் அந்த அட்டவணையைத் தனியாகப் பார்த்துவிட்டுத்தான் வீட்டை முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே கிலோமீட்டர் கணக்கு இங்கே நம்மை ஏமாற்றும். தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் ஒரே நிறுத்தம், வரைபடத்தில் விரல் நுனி அளவுதான். ஆனால் எழும்பூரில் மாலை நேரத்தில் வந்து நிற்கும் வண்டி தாம்பரம் வரைக்கும்தான் என்றால், அந்த ஒரு நிறுத்தத்துக்காகத் தாம்பரத்தில் இறங்கி அடுத்த செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது வெளியே வந்து பேருந்து பிடிக்க வேண்டும். பெருங்களத்தூரில் நான் இருந்த காலத்தில் நடைமேடையில் நின்றபடி, மனக்கணக்கில் இரண்டு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அன்றாட வழக்கமாகிவிட்டிருந்தது.

உட்கார இடம் கிடைப்பது அடுத்த விஷயம். காலை வண்டி புறப்படும் இடத்திலேயே ஏறுபவருக்கு இருக்கை கிடைக்கும், நடுவில் ஏறுபவருக்கு அநேகமாகக் கிடைக்காது. கூடுவாஞ்சேரி நடைமேடையில் காலை ஏழரை மணிக்குப் பார்த்தால் இது விளங்கும். தினமும் வருபவர்களுக்குக் கதவு எந்த இடத்தில் வந்து நிற்கும் என்பது பழக்கத்தில் தெரியும். தூணை அடையாளம் வைத்து ஆறேழு பேராகச் சேர்ந்து நிற்பார்கள். மதிய உணவுப் பையை முதுகிலிருந்து கழற்றி மார்புக்கு மாற்றிக்கொள்வார்கள். வண்டி உள்ளே வரும்போதே நிற்பவர்களால் நிறைந்திருக்கும். நடுவயதைத் தாண்டிய எனக்கு, எழும்பூர் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டு போவது முழங்காலில் வந்து முடிந்தது. செங்கல்பட்டில் ஏறினால் பயணம் இன்னும் அரைமணி நேரம் கூடும், ஆனால் ஜன்னலோரமாக உட்கார்ந்து போகலாம். இந்தப் பாதையில் நடுவில் இருக்கும் ஊர்களைவிடக் கடைசி ஊர் மேல் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 19 முதல் இதே பாதையில் குளிர்சாதன மின்சார ரயிலும் ஓடுகிறது. தொடக்கக் கட்டணம் 35 ரூபாய், கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே 105 ரூபாய் என்று அது அறிமுகமானது. கோடையில் அது தரும் ஆறுதலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சாதாரணக் கட்டணத்தைப் போல ஏழு மடங்கு என்பதாலும், ஒரு நாளில் சில நடைகளே என்பதாலும், அதை நம்பி ஊரைத் தேர்ந்தெடுப்பதை நான் பரிந்துரைக்கவில்லை.

ரயிலுக்கு அடுத்தபடியாக, வீட்டு வாசலிலிருந்து நடைமேடைக்கு எத்தனை நிமிடம் என்பதைக் காலால் அளந்து பார்க்க வேண்டும். கூடுவாஞ்சேரியில் எங்களுக்கு வீடு காட்டிய தரகர் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம் என்றார். அவர் சொன்னது காலியான சாலையில் இருசக்கர வாகனத்தில் போகும் ஐந்து நிமிடம். நடந்து போனபோது இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதில் தண்டவாளத்தைக் கடக்கும் படிக்கட்டு ஏறி இறங்குவதும் சேரும். இரவு ஒன்பதரைக்கு மேல் ஷேர் ஆட்டோ குறைந்துவிடும் தெருக்களில், பெண்கள் தனியாக இறங்கி நடக்க வேண்டியிருக்கும் குடும்பங்களில், இந்த இருபது நிமிட வித்தியாசம் வாடகையில் மிச்சமாகும் இரண்டாயிரம் ரூபாயைவிடப் பெரியது. வீடு தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம், டிக்கெட் கவுன்டர் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வரப்போகும் வசதிகளுக்காக இன்றே பணம் கொடுக்காதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. தென் மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டை விட்டு அங்கே மாறின. வண்டலூர், ஊரப்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் வீடு விற்பவர்கள் அதைச் சொல்லியே விலை பேசினார்கள். ஆனால் முனையம் திறந்த நாளில் அதற்கென்று ஒரு ரயில் நிலையம் அங்கே இல்லை. ரயிலில் வந்தவர்கள் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கித்தான் போக வேண்டியிருந்தது. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ நீட்டிக்கப்படும் என்பதையும் மனை விளம்பரங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. வசதி வந்த பிறகு அதற்கான விலையைக் கொடுப்பது நியாயம். வரும் என்ற சொல்லுக்காக இருபது ஆண்டுக் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்வது குடும்பத்தைச் சிரமத்தில் விடும்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகுதியைப் பற்றிப் பேச முடியாது. கோடையில் போர் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது, மாதத்துக்கு எத்தனை லாரி வாங்குகிறார்கள், குடிக்கக் கேன் தண்ணீர்தானா என்ற கேள்விகளை எல்லோரும் கேட்டுவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தெரு எப்படி இருக்கும் என்பதைத்தான் கேட்க மறந்துவிடுகிறார்கள். தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பெருங்களத்தூரில் இருந்து முடிச்சூர் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போயிருந்தோம். புதிதாக வெள்ளையடித்திருந்த சுவரில், சாய்வாக வெயில் பட்டபோது மட்டும், என் தோள் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. வெளியே வந்து பார்த்தால் தெரு முழுவதும் இ.பி. மீட்டர் பெட்டிகள் தலைக்கு மேல் உயர்த்திப் பொருத்தப்பட்டிருந்தன; பழைய வீடுகளுக்கு வாசலிலிருந்து இரண்டு படி கீழே இறங்க வேண்டியிருந்தது, புதிய வீடுகளுக்கோ ஐந்து படி ஏற வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தப் பெட்டிகளும் படிகளும் சொல்லிவிட்டன. அன்றிலிருந்து எந்தத் தெருவுக்குப் போனாலும் நான் முதலில் மீட்டர் பெட்டியின் உயரத்தைத்தான் பார்க்கிறேன்.

சொந்தமாக வாங்குபவர்கள் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். இந்தப் பாதையின் இரு பக்கமும் ஏரிகள் நிறைந்த பூமி. பல மனைப்பிரிவுகளின் பெயரில் நகர் என்று இருந்தாலும் நிலம் ஏரிக்கரையாகவோ உபரிநீர் போகும் வழியாகவோ இருந்திருக்கும். வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் வாங்கிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், வருவாய்த் துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டிலும், நில அளவை வரைபடமான புலப்படத்திலும் அந்தச் சர்வே எண்ணை ஒட்டி ஏரிப் புறம்போக்கோ ஓடையோ காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்புகளான சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி.யின் ஒப்புதல் எண்ணை விற்பவர் வாயால் கேட்டால் போதாது, வரைபட நகலைக் கையில் வாங்க வேண்டும். ஒப்புதல் பெறாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன்பு பதிவான மனைகளுக்கு உரியது. பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஊர் ஊராக என் கணிப்பு இது. பெருங்களத்தூரில் கடைகள், பள்ளிகள், பேருந்து எல்லாம் உண்டு. வாடகையும் நகரத்துக்கு நெருங்கி வந்துவிட்டது. வண்டலூரும் ஊரப்பாக்கமும் தென் மாவட்டங்களுக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு உகந்தவை. கூடுவாஞ்சேரி நல்ல சந்தையுள்ள ஊர், மழைக்காலத்தில் நந்திவரம் ஏரியின் உபரிநீர் போகும் பக்கத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். பொத்தேரியில் பல்கலைக்கழக மாணவர்களுக்காகவே கட்டிய அறைகள் அதிகம் என்பதால் குடும்பத்துக்கு ஏற்ற வீடு கிடைப்பது சிரமம். மறைமலை நகர் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட நகரம். அதன் அகலமான தெருக்களும் மரங்களும் எனக்கு மிகவும் பிடிக்கும். வேலை அங்குள்ள தொழிற்பேட்டையிலோ ஒரகடத்திலோ இருப்பவர்கள் வேறு ஊரைத் தேடவே வேண்டாம்.

நாங்கள் இப்போது இருப்பது செங்கல்பட்டில். 2019-ல் மாவட்டத் தலைநகரான இந்த ஊர் சென்னையின் நிழலில் முளைத்ததல்ல. நீதிமன்றமும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பழைய கடைத்தெருவும் இதற்குச் சொந்தமாகவே உண்டு. பாலாறு அருகில் இருப்பதால் எங்கள் தெருவில் லாரித் தண்ணீர் வாங்கும் வழக்கம் இல்லை. மாலையில் வண்டி கொளவாய் ஏரியை ஒட்டி வரும்போது காற்றின் குளிர்ச்சி மாறுவது தெரியும். தூங்கிக்கொண்டு வருபவர்கள் அதில் விழித்துச் செருப்பைத் தேடுவார்கள். இதற்கு நான் கொடுக்கும் விலை, போகவும் வரவும் சேர்த்து நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். கைக்குழந்தை உள்ளவர்களுக்கும், இரவுப் பணி பார்ப்பவர்களுக்கும், அலுவலகம் ரயில் நிலையத்திலிருந்து இன்னொரு பேருந்து தள்ளி இருப்பவர்களுக்கும் இந்த ஊரை நான் சொல்ல மாட்டேன். அவர்கள் தாம்பரத்துக்கு வடக்கே, குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ ஓர் அறை குறைந்த வீட்டில் இருப்பதே உடம்புக்கும் மனதுக்கும் நல்லது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு ஒரு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, பார்த்து வைத்திருக்கும் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போய்வருவதுபோல உண்மையாகவே போய்வந்து பாருங்கள். நாங்கள் செங்கல்பட்டுக்கு வருவதற்கு முன் அப்படித்தான் செய்தோம். வீட்டு வாசலில் கிளம்பிய நேரம், வண்டி ஏறிய நேரம், உட்கார இடம் கிடைத்ததா, திரும்பி வந்த நேரம் என்று ஐந்து நாளும் என் மனைவி ஒரு தாளில் குறித்து வந்தார். அதேபோல இன்னொரு தாளை அடுத்த வாரம் கூடுவாஞ்சேரி வீட்டிலிருந்தும் நிரப்பினோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பயண நேரத்தில் இருந்த வித்தியாசம் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. உட்கார இடம் என்ற கட்டத்தில் ஒரு தாளில் ஐந்து டிக், இன்னொன்றில் ஒன்றுகூட இல்லை. செங்கல்பட்டு வீட்டுக்காரருக்கு அன்று இரவே தொலைபேசியில் சொல்லிவிட்டோம்.