இயந்திரவியல் ஆய்வகத்துக்கு நோட்-ரெட்: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

இளநிலைப் பொறியியல் வகுப்பில் ஸ்மார்ட் உற்பத்தியை (இயந்திரத் தரவைச் சேகரித்துப் பயன்படுத்தும் உற்பத்தி முறையை) கற்பிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன், கல்லூரிகள் முதலில் கேட்பது கொட்டேஷனைத்தான். கன்வேயர், ரோபோ கை, பி.எல்.சி. (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கணினி) எல்லாம் அடங்கிய பயிற்சித் தொகுதிகள் தரமானவையே. ஆனால் அவை தனி அறையில் பூட்டிக் கிடந்து, ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் துடைக்கப்படுவதும் உண்டு. பட்டறையில் ஏற்கெனவே ஓடும் லேத்திலிருந்தே தொடங்க விரும்பும் ஆசிரியருக்கு, கருவிகளின் தரவை இணைத்துக் காட்டும் நோட்-ரெட் மென்பொருளைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் 2013-இல் உருவான இந்தத் திறமூல மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலும் இயங்கும், சாதாரண விண்டோஸ் கணினியிலும் இயங்கும். திரையில் கட்டங்களை இழுத்து வைத்துக் கோடுகளால் இணைத்தாலே தரவு ஓடத் தொடங்குவதால், நிரல் எழுதிப் பழகாதவரும் அஞ்ச வேண்டியதில்லை.

லேத் மோட்டாருக்குச் செல்லும் ஒற்றை வயரில் (மொத்தக் கேபிளையும் சுற்றி மாட்டினால் அளவு ஏறத்தாழ சுழியமாகவே இருக்கும்) மின்பணியாளர் உதவியுடன் மின்னோட்டத்தை அளக்கும் ஒரு கிளாம்ப் சென்சாரை மாட்டி, வைஃபை வசதியுள்ள இ.எஸ்.பி.32 என்ற சிறு மின்னணுப் பலகை வழியாக எம்.க்யூ.டி.டி. (கருவிகள் சிறு செய்திகளாகத் தரவு அனுப்பும்) முறையில் அளவுகளை அனுப்பினால், இயந்திரம் ஓடிய நேரமும் நின்ற நேரமும் வரைபடமாகத் திரையில் விரியும். ஓ.இ.இ. (இயந்திரத்தின் ஒட்டுமொத்தச் செயல்திறன் அளவு) கணக்கிடச் சொல்லும்போதுதான் பாடம் உண்மையில் சூடு பிடிக்கிறது. அதில் பெருக்க வேண்டிய மூன்று எண்களில், இயந்திரம் இயங்கிய நேரத்தின் விகிதத்தை மட்டுமே சென்சார் தரும். வேகத்துக்கு உருப்படிகளை எண்ண வேண்டும், தரத்துக்கு மைக்ரோமீட்டரை எடுத்தே ஆக வேண்டும். ஆகவே புதிய பாடம் எதையும் சேர்க்காமல், உற்பத்தி ஆய்வகமும் அளவியல் ஆய்வகமும் ஒரே பயிற்சியில் இணைந்துவிடுகின்றன.

குறைகளும் உண்டு. நிறுவியவுடன் கடவுச்சொல் எதுவும் இருக்காது. நாமே அமைக்காவிட்டால், அதே வலைப்பின்னலில் உள்ள எவரும் 1880-ஆம் போர்ட் வழியே நுழைந்து எல்லாவற்றையும் மாற்றலாம். இணையப் பாடங்கள் பலவும் கைவிடப்பட்ட பழைய டேஷ்போர்டையே (வரைபடங்களைத் திரையில் காட்டும் துணைத் தொகுப்பு) காட்டுகின்றன என்பதால், புதிதாகத் தொடங்குவோர் டேஷ்போர்டு 2.0-வை நிறுவுவதே நல்லது. அதிவேக அதிர்வுப் பகுப்பாய்வுக்கு இது ஏற்றதன்று. அவசர நிறுத்தம் போன்ற பாதுகாப்புப் பணிகளை இதனிடம் ஒருபோதும் ஒப்படைக்கக் கூடாது.

மாணவர்கள் தங்கள் வேலையை ஒரே ஜேசன் கோப்பாக (தரவை எழுத்து வடிவில் வைக்கும் கோப்பு) அனுப்பிவிடலாம் என்பதால் திருத்துவது எளிது; அதே எளிமையில் பக்கத்துக் குழுவின் கோப்பையும் அனுப்பிவிடுவார்கள். எனவே குழுவுக்கு ஓர் இயந்திரமாக, ஒரு குழுவுக்கு லேத், மற்றொன்றுக்கு மில்லிங், இன்னொன்றுக்கு டிரில்லிங் என்று பிரித்துக் கொடுப்பது நல்லது.