உதவித் திட்டம் யார் கையில் இருக்க வேண்டும், கம்பெனியா யூனியனா?

குடி, கடன், குடும்பச் சண்டை என்று எதில் சிக்கினாலும் ஊழியருக்கு ரகசியமாக ஆலோசனை தரும் திட்டங்கள் அமெரிக்காவில் இரண்டு விதமாக நடக்கின்றன.

கம்பெனி திட்டத்தில் நிர்வாகம் வெளி நிறுவனம் ஒன்றுக்குப் பணம் கட்டிவிடும். ஒரு தொலைபேசி எண், சில இலவச அமர்வுகள், அவ்வளவுதான். ஆலோசகர்கள் முறையாகப் படித்தவர்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மேனேஜர் காதுக்குப் போய்விடுமோ என்ற பயத்திலேயே பலர் அந்த எண்ணைத் தொடுவதில்லை.

யூனியன் வழியில் முதலில் பேசுவது பயிற்சி பெற்ற சக தொழிலாளி. இதற்கு விமானிகளைத்தான் சொல்வேன். குடிநோய் என்று ஒப்புக்கொண்டாலே வேலை போச்சு என்றிருந்த 1970களில், அவர்கள் சங்கமான ஆல்பா, அரசு நிதியுடன் ஹிம்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. சிகிச்சை முடித்தவரை இன்னொரு விமானியும் தலைமை விமானியும் மருத்துவரும் தொடர்ந்து கவனிக்க, விமானப் போக்குவரத்து ஆணையம் அனுமதித்தால் மறுபடி விமானம் ஓட்டலாம். ஆயிரக்கணக்கானோர் அப்படித் திரும்பியிருக்கிறார்கள். கம்பெனியும் இதில் பங்காளிதான், ஆனால் கதவைத் தட்டுவது நம்மில் ஒருவர்.

சின்ன யூனியனுக்கு இதற்கெல்லாம் ஆளும் பணமும் இருக்காது, சரி. அப்படியானால் கம்பெனி திட்டத்தையே ஏற்றுக்கொண்டு, யார் வந்தார் என்ற விவரம் நிர்வாகத்துக்குப் போகாது, அங்கே பேசியதை ஒழுங்கு நடவடிக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.