பாட்ரீசியன் 3: எனக்குப் பிடித்ததும் கடுப்பானதும்

20 வருஷத்துக்கு மேல் பழைய கணினி வணிக ஆட்டம். இடைக்கால வட ஐரோப்பிய வணிக நகரங்களின் கூட்டணியான ஹான்சாவின் காலம், ஜெர்மனியின் லூபெக் துறைமுகம், கையில் சின்னக் கப்பல்.

ஒரே ஊரில் சரக்கைக் கொட்டினால் விற்க விற்க விலை இறங்கும். முதல் நடையிலேயே பெர்கனில் பீரைத் தள்ளிவிட்டு, கடைசிப் பீப்பாய்களை வாங்கின விலைக்கும் கீழே கொடுத்தேன். மளிகைக்கடைக்காரர் பிள்ளைக்கு இது மானக்கேடு! ஆனால் இந்த ஏற்ற இறக்கம்தான் ஆட்டத்தின் உயிர்.

மேயர், ஆல்டர்மேன் (ஹான்சா கூட்டணியின் தலைவர்) என்று பதவியிலும் ஏறலாம்.

கடற்சண்டை படுமட்டம்; கப்பல் எருமை மாதிரி திரும்பும். பத்துக் கப்பல் சேர்ந்ததும் ஒவ்வொன்றுக்கும் ஊர்வாரியாக வாங்கும் விலை, விற்கும் விலை குறித்துக்கொடுப்பது சுத்தக் கணக்குப்பிள்ளை வேலை. அப்புறம் பணம் தானாகக் குவியும், நஷ்டப் பயமே போய்விடும்.

இருந்தும் நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டாக்ஹோமில் இரும்பு விலை பார்த்துக்கொண்டிருந்தேன்.